தன்னந்தனியே உலகை வலம்வந்த காப்டன் ஸ்லோக்கம்

நீராவிக் கப்பல்கள் உலகத்துக் கடல்களையெல்லாம் தம் ஆட்சியில் கொண்டுவந்துவிட்ட காலம் அது. பாய்க்கப்பல் ஓட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மாலுமிகள் பலர் வேலையின்றித் துறைமுகங்களில் அலைந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், வயலில் கிடந்து மக்கிய ஓர் ஓடத்தைத் தம் கையாலேயே புதுப்பித்து, துணைக்கு ஓர் ஆளுமின்றிப் பூமண்டலம் முழுவதையும் சுற்றி வந்தார். அவரே காப்டன் ஜாஷுவா ஸ்லோக்கம். 1895-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி பாஸ்டன் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 51. 1898-ம் வருஷம் ஜூன் மாதம் 27-ந் தேதி நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியபோது அவர் கடந்திருந்த தூரம் 46,000 மைலுக்கு மேல். அதற்கு முன் ஒரு மனிதன் தனியாக உலகைச் சுற்றிக் கடல் யாத்திரை செய்ததாகச் சரித்திரத்தில் இல்லை.

அவர் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் அவருடைய தனிமையைக் கண்டே வியப்பர். ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி வேறொன்று உண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள மாகெல்லன் ஜலசந்தியில் 62 நாட்கள் அவர் எதிர்காற்றுடன் போராடினார். அந்நாட்களில் அவர் பின்வாங்கிய தடவைகள் பல. ஆயினும் அவர் தோற்கவில்லை. பின்வாங்குதல் வேறு, தோல்வி வேறு என்பதை அந்த 62 நாட்களைப் போல் விளக்கும் சம்பவங்கள் கடல் சரித்திரத்தில் அதிகம் இல்லை.

இளமை

ஸ்லோக்கம் 1844-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி, இன்று கானடா தேசத்தின் ஒரு மாகாணமாக விளங்கும் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். தந்தை முதலில் விவசாயி. பின்னர் பிரையர் தீவில் செம்படவர்களுக்குத் தோல் பூட்ஸ் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். பக்தியும் கண்டிப்பும் மிகுந்தவர். பத்து வயதை ஒட்டியே மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பூட்ஸ் பட்டறையில் உட்கார்த்திவிட்டார். பையனுடைய மனம் தோலிலும் ஊசியிலும் நிற்கவில்லை; ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலிலேயே நின்றது. வேலை நேரத்தில் ஒளிந்திருந்து அவன் செதுக்கிய சிறு மரக்கப்பலைத் தந்தை கண்டு, அதை உடைத்தெறிந்து அவனையும் அடித்தார்.

14-ம் வயதில் வீட்டைவிட்டு ஓடி ஒரு மீன்பிடி கப்பலில் சமையற்காரனாகச் சேர்ந்தான். சமையல் வாய்க்கவில்லை, திரும்பி வந்தான். 1860-ல் தாய் இறந்தாள். அவ்வருஷமே வீட்டைத் துறந்து, சரக்குக் கப்பல் ஒன்றில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்து அயர்லாந்துக்குச் சென்றான். அன்று முதல் கடலே அவனுக்கு வீடாயிற்று. சீனம், கிழக்கிந்தியத் தீவுகள், ஸான் பிரான்ஸிஸ்கோ என்று கடல்தோறும் திரிந்து, வானத்தின் கிரகங்களை அளந்து கலம் செலுத்தும் வித்தையைத் தானே புத்தகங்களைப் படித்துக் கற்றுக்கொண்டான். அமெரிக்கப் பிரஜையானான். 25-ம் வயதில் ஒரு கப்பலுக்குத் தலைவனானான்.

1871-ல் ஸிட்னி நகரில் வர்ஜீனியா வாக்கர் என்னும் பெண்மணியை மணந்தார் ஸ்லோக்கம். அந்த அம்மாள் கரையில் காத்திருக்கவில்லை. 13 வருஷங்கள் கணவருடன் கப்பலிலேயே வாழ்ந்து, கப்பலிலேயே குழந்தைகளைப் பெற்று வளர்த்தாள். 1884-ல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், தம் சொந்தக் கப்பலான அக்விட்னெக்கில் அவள் காலமானாள். அந்த நஷ்டத்திலிருந்து அவர் முற்றும் மீளவே இல்லை என்று மக்கள் பிற்காலத்தில் கருதினர்.

கப்பலும் தொழிலும் போயின

பின்னர் ஹென்ரியெட்டா என்பவரை மறுமணம் செய்துகொண்டு தொழிலைத் தொடர்ந்தார். 1887-ம் வருஷ இறுதியில் பிரேஸில் தேசத்துக் கரையில் அக்விட்னெக் மணல்திட்டில் மோதி உடைந்தது. கையிலிருந்த முதல் முழுவதும் அதனுடன் போயிற்று. தர்மத்துக்கு ஒரு கப்பலில் ஏறி ஊர் திரும்ப ஸ்லோக்கத்துக்கு மனமில்லை. உடைந்த கப்பலின் சாமான்களையும் அக்கரைக் காட்டு மரங்களையும் கொண்டு 35 அடி நீளத்தில் ஒரு படகு கட்டினார். அது நீரில் இறங்கிய தினம் 1888-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி. பிரேஸிலில் அடிமை வழக்கம் ஒழிக்கப்பட்டதும் அன்றுதான். ஆகவே அப்படகுக்கு விடுதலை என்று பொருள்படும் லிபர்டாடே என்ற பெயரைச் சூட்டி, மனைவியையும் இரு புதல்வர்களையும் ஏற்றிக்கொண்டு சுமார் 5,500 மைல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்.

வந்து பார்த்தால் தொழில் இல்லை. நீராவி யந்திரம் பாயை வென்றுவிட்டது. கப்பல் சொந்தக்காரர்கள் பாய்க்கப்பல் தலைவர்களைத் தேடுவதை நிறுத்திவிட்டனர். உலகத்தின் சிறந்த மாலுமிகளில் ஒருவர் பாஸ்டன் துறைமுகத்தில் கூலிவேலை தேடும் நிலைக்கு வந்தார். ஒரு தேசத்தில் புது யந்திரம் வரும்போது, பழைய தொழிலில் தேர்ந்தவன் நடுத்தெருவில் நிற்கிறான். நெசவாளிக்கு நேர்ந்தது மாலுமிக்கும் நேர்ந்தது.

வயலில் கிடந்த ஓடம்

1892-ல், திமிங்கில வேட்டையில் பொருள் ஈட்டிய பழைய நண்பரான காப்டன் பியர்ஸ், தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும் அதைப் பழுதுபார்த்துக் கொள்ளலாமென்றும் சொல்லி ஸ்லோக்கத்தை பேர்ஹேவன் என்னும் ஊருக்கு வரவழைத்தார். ஸ்லோக்கம் சென்று கண்டது கப்பலன்று. நெடுநாளாக வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருந்த ஸ்பிரே என்னும் பழைய சிப்பி ஓடம் அது. உடைத்து விறகாக்கவே அவர் வந்திருக்கிறார் என்று ஊரார் எண்ணினர். அவரோ அருகிலிருந்த ஒரு சிந்தூர மரத்தை வெட்டி அடிக்கட்டையாக இட்டார். விலா மரங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தார். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். 13 மாதங்கள் சென்றன. செலவான பணம் 553 டாலரும் 62 செண்டும். பழைய ஓடத்தில் எஞ்சியது பெயர் மட்டுமே எனலாம். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம்.

அந்த ஓடத்தில் ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கும் சாமர்த்தியம்கூடத் தமக்கு இல்லையென்று கண்டார். அதன் பிறகே உலகைச் சுற்றிவரத் துணிந்தார். அவருடைய கருவிகள் எளியவை. காலத்தைத் துல்லியமாகக் காட்டும் கப்பல் கடிகாரத்தைச் செப்பனிட 15 டாலர் கேட்டனர். அதை விட்டுவிட்டு, முகப்பு உடைந்ததால் விலை குறைந்த தகரக் கடிகாரம் ஒன்றை 1 டாலருக்கு வாங்கிக்கொண்டார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதும் குறிப்பிடத்தக்கது.

முதல் உத்தேசம், ஜிப்ரால்டர் வழியாக மத்தியதரைக் கடலில் நுழைந்து, சூயஸ் கால்வாயைக் கடந்து கிழக்கே செல்வது. ஜிப்ரால்டரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை உத்தியோகஸ்தர்கள், அவ்வழியில் கடற்கொள்ளைக்காரர் பயம் உண்டென்று எச்சரித்தனர். அட்லாண்டிக் சமுத்திரத்தை அப்போதுதான் கடந்து வந்திருந்த ஸ்லோக்கம், திசையை நேர் எதிராக மாற்றி மீண்டும் அதே சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து பிரேஸிலை அடைந்தார். வந்த வழியே திரும்புவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

எதிர்காற்றின் இயல்பு

பாய்க்கலம் காற்றை நேருக்கு நேர் எதிர்த்து ஓட இயலாது. காற்று வரும் திசையிலேயே போகவேண்டுமாயின் ஒரு பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரமும், பின் பாயை மறுபுறம் மாற்றி எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரமுமாக வளைந்து வளைந்து ஏறவேண்டும். பத்து மைல் முன்னேறப் பதினைந்து மைலுக்கு மேல் ஓடவேண்டியிருக்கும். நீரோட்டமும் எதிர்த்தால் நாள் முழுவதும் ஓடியும் இருந்த இடத்திலேயே இருக்க நேரும். காற்று புயலானால் இதுவும் இயலாது. அப்போது செய்யத்தக்கவை இரண்டே: ஒரு துறையில் ஒதுங்கி நங்கூரமிடுவது, அல்லது பாய்களை இறக்கிக் காற்றின் போக்கிலேயே ஓடிப் பிழைப்பது.

பூமியின் தென்பாகத்தில் 40 முதல் 60 பாகை வரையிலுள்ள கடற்பரப்பில் மேல்காற்று ஓயாமல் வீசுகிறது. அதைத் தடுக்க நிலம் அதிகம் இல்லை. தென் அமெரிக்காவின் முனை மட்டுமே குறுக்கே நீண்டு நிற்கிறது. பனாமாக் கால்வாய் 1914-ல் திறக்கப்படும் வரையில், அட்லாண்டிக்கிலிருந்து மேற்கே பசிபிக்குக்குச் செல்லும் கலங்கள் அந்த முனையைச் சுற்ற வேண்டும். அல்லது அதை ஊடறுக்கும் மாகெல்லன் ஜலசந்தியில் புகவேண்டும். சுமார் 350 மைல் நீளமுள்ள இந்த ஜலசந்தியைக் கடக்க, அதைக் கண்டுபிடித்த மாகெல்லனுக்கு 1520-ல் 38 நாட்கள் ஆயின. இருபுறமும் பனிமலைகள். அம்மலைகளின் உச்சியிலிருந்து முன்னறிவிப்பின்றிக் கீழே விழும் சுழற்காற்று, பாயில்லாத கலத்தைக்கூடச் சாய்த்துவிடும்.

அறுபத்திரண்டு நாட்கள்

1896-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 11-ந் தேதி ஸ்லோக்கம் ஜலசந்தியின் கீழ்வாயிலில் நுழைந்தார். நுழைந்தவுடன் தென்மேற்குப் புயல் எதிர்கொண்டது. அதைத் தாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் ஸிலி தேசத்துத் துறையாகிய பண்டா அரேனாஸை அடைந்தார். அங்கிருந்தோர் மேற்கே தனியாகப் போகவேண்டாமென்று தடுத்தனர். துணைக்கு வர எவரும் முன்வரவில்லை. நண்பர் ஒருவர் ஒரு பை நிறையச் சிறு ஆணிகளைக் கொடுத்து, இரவில் உறங்கும்போது அவற்றைக் கப்பல் தளத்தில் முனை மேலாகப் பரப்பிவைக்கச் சொன்னார்.

பல நாட்கள் வளைந்து வளைந்து ஏறி, மார்ச் மாதம் 3-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் பிரவேசித்தார். யாத்திரையின் கடினமான பாகம் தீர்ந்துவிட்டதென்று தோன்றியிருக்கும். மறுநாளே வடமேற்கிலிருந்து பெரும்புயல் கிளம்பிற்று. பெரிய பாய் கந்தலாயிற்று. எதிர்த்து நிற்பது மரணம் என்று கண்டு, பாய்களை இறக்கிவிட்டு, நீண்ட கயிறுகளைப் பின்னால் இழுக்கவிட்டு வேகத்தைக் குறைத்து, புயலுக்கு முதுகு காட்டித் தென்கிழக்கே ஓடினார். நான்கு நாட்கள் இவ்வாறு ஓடி ஹார்ன் முனையின் திசையில் தள்ளப்பட்டார். முனையைச் சுற்றிக் கிழக்கு வழியாகவே உலகைச் சுற்றிவிடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு.

கடைசியில் நிலம் தென்பட்டது. அதை நோக்கித் திரும்பியபோது இருட்டிவிட்டது. சுற்றிலும் நீரில் மறைந்த பாறைகள். அவற்றின்மேல் அலைகள் வெண்ணுரையாக உடைந்தன. மாலுமிகள் அவ்விடத்தைப் பால்வீதி மண்டலம் என அழைப்பர். டார்வின் என்னும் விஞ்ஞானி பீகிள் கப்பலிலிருந்து அதைக் கண்டு திகைத்ததுண்டு. அந்தப் பாறைகளிடையே, இரவு முழுவதும், அலை உடையும் ஓசையையே வழிகாட்டியாகக் கொண்டு ஸ்லோக்கம் ஓடத்தை அங்குமிங்கும் திருப்பிக் காத்தார். விடிந்தபின் தீவுகளினூடே ஒரு கால்வாயில் புகுந்து பார்த்தால், அது மாகெல்லன் ஜலசந்தியின் நடுப்பகுதியிலேயே கொண்டுவந்து விட்டது. முன்பு கடந்த வழியையெல்லாம் மீண்டும் கடக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் அம்மனிதரின் தன்மை விளங்குகிறது. விதியை நொந்துகொண்டு உட்காரவில்லை. முரட்டுத்தனமாக உடனே கடலில் பாயவும் இல்லை. கிழிந்த பாயை ஒட்டுப்போட்டுத் தைத்தார். விறகும் நல்ல தண்ணீரும் ஏற்றிக்கொண்டார். உடைந்த கப்பலொன்றிலிருந்து கரையொதுங்கிய கொழுப்புப் பீப்பாய்களைக் கண்டெடுத்து ஓடத்தில் ஏற்றினார். அவற்றுள் பெரும்பகுதியைப் பின்னர் சமோவாவில் ஒரு சோப்புத் தொழிலாளிக்கு விற்றார். ஓடத்தின் பின்புறத்தில் ஒரு சிறு பாய்மரத்தைப் புதிதாக நாட்டினார். துறையைவிட்டு வெளியே சென்று பார்ப்பார். காற்று இடங்கொடாவிட்டால் வாதாடாமல் துறைக்குத் திரும்பிவிடுவார். மறுநாள் மீண்டும் புறப்படுவார். இவ்வாறு பலமுறை திருப்பித் தள்ளப்பட்டு, ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ஆங்கோஸ்டோ துறையிலிருந்து கிளம்பி, இம்முறை பசிபிக்கில் கரையைவிட்டு வெகுதூரம் விலகிவிட்டார். ஜலசந்தியில் நுழைந்து அன்றோடு 62 நாட்கள் ஆகியிருந்தன. அத்தனை முறை திரும்பியும் அவர் கைவிடாதது ஒன்றே: போகவேண்டிய திசை.

தானே ஓடிய ஓடம்

அதன் பிறகு காற்று நட்பாயிற்று. ராபின்ஸன் குருஸோவின் கதைக்கு மூலமாகிய ஸெல்கர்க் தனித்து வாழ்ந்த ஜுவான் பெர்னாண்டஸ் தீவில் தங்கி, அங்கிருந்து 72 நாட்கள் எந்தத் துறையிலும் ஒதுங்காமல் ஓடி சமோவாவை அடைந்தார். ஸ்பிரேயின் பாய்களை அளவாக அமைத்துச் சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டால், அகன்ற அடியும் நீண்ட அடிக்கட்டையும் கொண்ட அந்த ஓடம் தானே திசை தவறாது ஓடும். ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள வியாழக்கிழமைத் தீவிலிருந்து இந்து மகா சமுத்திரத்தின் கோகோஸ் தீவு வரை 2,700 மைலை 23 நாட்களில் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்த நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை. மற்ற நேரங்களில் சமைத்தார், தைத்தார், படித்தார், உறங்கினார்.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் ஜனாதிபதி குரூகரைச் சந்தித்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் எதிரே அஞ்சாது நின்ற அக்கிழவர், பைபிளைச் சொல்லுக்குச் சொல் நம்பி, பூமி தட்டையானது என்ற கொள்கையில் உறுதியாயிருந்தவர். உலகைச் சுற்றி வருகிறார் என்று ஸ்லோக்கத்தை அறிமுகப்படுத்தியதும், அப்படிச் சொல்வதே தவறு, உலகத்துக்குள் பிரயாணம் செய்கிறார் என்பதே சரி என்று திருத்திவிட்டு, வேறு பேச்சின்றி இருந்துவிட்டாராம். ஸ்லோக்கம் இதைக் கேட்டு மிகவும் மகிழ்ந்தார்.

1898-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, பிரேஸிலுக்கு அப்பால், தாம் முன்பு தென்திசையில் ஓடிய பாதையைக் குறுக்கே வெட்டினார். வட்டம் முடிந்தது. ஆறு நாட்களுக்குப் பின் அமெரிக்கப் போர்க்கப்பலான ஓரிகன் எதிர்ப்பட்டுக் கொடிக்குறியால் ஸ்பானியப் போர்க்கப்பல்களைக் கண்டீர்களா என்று விசாரித்தது. தம் தேசம் ஸ்பெயினுடன் போரில் இறங்கிய செய்தியை அவர் இவ்வாறே அறிந்தார். காணவில்லை என்று பதிலளித்து, பாதுகாப்புக்காக இரு கப்பல்களும் சேர்ந்து போகலாமே என்றும் அந்தப் பெரிய போர்க்கப்பலுக்கு யோசனை சொன்னார். போர்க்கப்பல் காத்திருக்கவில்லை. போர் ஆரவாரத்தில் மூழ்கியிருந்த ஜனங்கள், அவர் நியூபோர்ட் வந்து சேர்ந்ததை முதலில் அதிகமாகக் கவனிக்கவும் இல்லை. ஸ்பிரே முதன்முதல் நீரில் இறங்கிய பேர்ஹேவனுக்குச் சென்று, அன்று கட்டியிருந்த அதே முளையில் அதை மீண்டும் கட்டினார்.

குறைகள்

ஸ்லோக்கம் குறையற்றவர் அல்லர். பெரிய கப்பல்களின் தலைவராயிருந்த காலத்தில் கடுமையானவர். ஒரு கப்பல் ஊழியனை நியாயமின்றி விலங்கிட்டு அடைத்ததற்காக நீதிமன்றம் அவரைக் குற்றவாளியென்று தீர்த்து அபராதம் விதித்தது. பிறிதொரு கப்பலில் கலகம் செய்தவர்களைச் சுட்டதில் ஒருவன் இறந்தான். தற்காப்பு என்று அவர் விடுதலை செய்யப்பட்டார். 1906-ல் நியூ ஜெர்ஸியில் ஒரு சிறுமியைக் குறித்து எழுந்த குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் செய்யாமல் 42 நாட்கள் சிறையில் இருந்தார். கடலில் அடைந்த கீர்த்தியைக் கொண்டு இதை மறைத்தல் தகாது.

ஜலசந்தியில் வாழ்ந்த தோணி மக்களை அவர் நோக்கிய பார்வையும் அக்காலத்து வெள்ளையர் பார்வையே. தளத்தில் ஆணிகளைப் பரப்பி உறங்கியபோது, நள்ளிரவில் ஏறிவந்தவர்கள் அவற்றை மிதித்து அலறிக்கொண்டு நீரில் குதித்த சம்பவத்தை அவர் வேடிக்கையாகவே எழுதிவைத்தார். அம்மக்களுக்கு அது அவர்களுடைய நீர், அவர்களுடைய நிலம். அதே வருஷங்களில் டியெர்ரா டெல் புயேகோ தீவில் ஆட்டுப்பண்ணை முதலாளிகள் ஆதிக்குடிகளின் நிலத்தைப் பறித்து, அவர்களை வேட்டையாடிக் கொன்றனர். வந்தேறிகள் கொண்டுவந்த நோய் எஞ்சியோரை மாய்த்தது. ஸ்லோக்கத்தின் புத்தகத்தைப் படிக்கும் நாம், அந்த ஆணிகளை மிதித்தவர்கள் பக்கத்திலிருந்தும் அவ்விரவைப் பார்ப்பது முறை.

முடிவு

1900-ல் வெளிவந்த தனியே உலகைச் சுற்றிய யாத்திரை என்னும் அவருடைய நூல் பெரும் புகழ் பெற்றது. மூன்றாம் வகுப்புக்குமேல் அதிகம் படிக்காத ஒருவர் எழுதியது என்று அதன் தெளிந்த நடையைக் கண்டு சொல்ல இயலாது. நூலின் வருவாயில் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் நிலம் வாங்கி விவசாயம் செய்யப் பார்த்தார். மண் அவரைப் பிடித்து வைக்கவில்லை. குளிர்காலங்களில் மீண்டும் ஸ்பிரேயில் தென்திசைக்குப் போகலானார். தென் அமெரிக்காவின் ஒரினாகோ நதியை நாடிக் கடைசியாகப் புறப்பட்டவர் திரும்பவில்லை. ஓடத்தின் ஒரு பலகையும் அகப்படவில்லை. 1924-ல் நீதிமன்றம், 1909-ம் வருஷம் நவம்பர் மாதம் 14-ந் தேதியே அவர் இறந்த தினம் என்று தீர்மானித்தது.

அவர் திறந்த வழியில் பின்னர் பலர் சென்றனர். 1969-ல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் எங்கும் தங்காமல் தனியே உலகைச் சுற்றி முடித்தார். அவர் சென்ற ஸுஹைலி என்னும் கலம் பம்பாயில், நம் தொழிலாளரின் கையால் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. 2010-ல் நம் கடற்படையின் திலீப் தோண்டே, கோவாவில் கட்டிய மாதேயி என்னும் கலத்தில் தனியே உலகைச் சுற்றி, அவ்வாறு செய்த முதல் இந்தியரானார். 2013-ல் அபிலாஷ் டோமி அதே கலத்தில் எங்கும் தங்காது சுற்றி முடித்தார்.

பொதுக் காரியங்களில் இறங்கியோர்க்குக் காற்று எப்போதும் பின்னாலிருந்து வீசுவதில்லை. எதிர்காற்று வீசும்போது நேரே முட்டிக் கலத்தை உடைத்துக்கொள்வோர் உண்டு. காற்று போகும் திசையே நம் திசை என்று மாறிவிடுவோரும் உண்டு. ஸ்லோக்கம் இரண்டும் செய்யவில்லை. சாய்ந்து ஏறினார், இயலாதபோது துறைக்குத் திரும்பினார், திரும்பிய நாட்களில் பாய் தைத்தார். ஒரு நாளில் எத்தனை மைல் முன்னேறினோம் என்ற கணக்கில் அவருக்குப் பல நாட்கள் பூஜ்யமே விழுந்தன. அந்த நாட்களில் தைத்த பாய்தான் பின்னர் அவரைப் பசிபிக்குக்குக் கொண்டுசென்றது.